பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்: எதை முதலில், எதைக் கடைசியில் செய்வது?

பழைய ஆண்ட்ராய்டு போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது படங்கள் காணாமல் போவதும், போன் பூட்டிக்கொண்டதால் எக்ஸ்சேஞ்ச் ரத்தாவதும் பெரும்பாலும் வேலைகளின் வரிசை மாறுவதால் நடப்பவை. எனவே கீழே சொல்லும் வேலைகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

முதல் வேலை நகலெடுப்பது. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ், வாட்ஸ்அப் பேக்கப் ஆகிய எல்லாமே பங்கிட்டுக்கொள்கின்றன. இடம் நிரம்பியிருந்தால் பேக்கப் பாதியிலேயே நின்றிருக்கும். ஆகவே போட்டோஸ் செயலியைத் திறந்து, பேக்கப் முழுமையாக முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இடம் போதவில்லையென்றால் யுஎஸ்பி கேபிள் மூலம் கணினிக்கு மாற்றிவிடலாம். எனக்கு அதுவே அதிக நம்பிக்கை தரும் வழி. வாட்ஸ்அப்புக்குத் தனியாக, செட்டிங்ஸில் சாட்ஸ், அதில் சாட் பேக்கப் என்று போய் 'பேக் அப்' பொத்தானை அழுத்த வேண்டும். அந்த பேக்கப்புக்கு நீங்களே பாஸ்வேர்டு வைத்திருந்தால் அது நினைவிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மறந்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் அதைத் திறந்து தர முடியாது.

இந்தக் கட்டத்தில் படங்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்காதீர்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தைப் போனிலிருந்து 'டெலீட்' செய்தால், கணக்கில் இருக்கும் பிரதியும் சேர்ந்தே குப்பைத் தொட்டிக்குப் போகும். 60 நாட்களுக்குப் பின் அங்கிருந்தும் அழிந்துவிடும். ஆனால் போனை மொத்தமாக ரீசெட் செய்தால், அதாவது அதிலுள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுவந்தால், கணக்கில் உள்ள பிரதிக்கு ஒன்றும் ஆகாது. கையால் அழிப்பது பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் இந்த வேலைதான் உண்மையில் ஆபத்தானது.

அடுத்தது, ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது. வீட்டு வாசலில் நடக்கும் எக்ஸ்சேஞ்சில், புதிய போனைக் கொண்டுவருபவரே பழையதை வாங்கிக்கொண்டு போய்விடுவதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தகவல்களை மாற்றும் வாய்ப்பு கிடைக்காது. யுபிஐ செயலிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சிம்மைப் புதிய போனில் போட்டு மீண்டும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்களைத் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி அப்படியல்ல. அதைக் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்காமலோ, வேறொரு கருவிக்கு மாற்றாமலோ போனைக் கொடுத்துவிட்டால், அந்த எண்களைக் கேட்கும் கணக்குகளுக்குள் நுழைவது பெரும்பாடாகிவிடும்.

இவையெல்லாம் முடிந்த பிறகு கணக்குகளை நீக்குங்கள். ஆண்ட்ராய்டு 5.1 பதிப்பிலிருந்து, அதாவது 2015 முதல், திருட்டுப் போன்களைத் தடுப்பதற்காக ஒரு பூட்டு வைக்கப்பட்டிருக்கிறது. கணக்கை நீக்காமல் ரிகவரி மெனு (போனை அணைத்துவிட்டு, பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தித் திறப்பது) வழியாக ரீசெட் செய்தால், பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைத் தராமல் அந்தப் போனை யாராலும் பயன்படுத்த முடியாது. எனவே செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' பகுதிக்குப் போய்க் கூகுள் கணக்கை நீக்குங்கள். சாம்சங், ஷாவ்மி போன்களில் அந்தந்த நிறுவனக் கணக்கிலிருந்தும் வெளியேற வேண்டும்.

ரீசெட் செய்யும் முன் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். சாம்சங்கில் ஜெனரல் மேனேஜ்மென்ட், மற்ற பலவற்றில் சிஸ்டம் என்ற பகுதிக்குள் 'ஃபேக்டரி டேட்டா ரீசெட்' இருக்கும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு விற்பனைக்கு வந்த போன்களில் தகவல்கள் குறியாக்கம் செய்தே, அதாவது உரிய சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியே, சேமிக்கப்படுகின்றன. ரீசெட் அந்தக் குறியாக்கச் சாவியையே அழித்துவிடுவதால், இதற்கென்று தனிச் செயலி எதுவும் தேவையில்லை. ரீசெட் முடிந்து வரவேற்புத் திரை வந்ததும் வைஃபையோடு மட்டும் இணைத்துப் பாருங்கள். பழைய கணக்கைக் கேட்டால் பூட்டு இன்னும் இருக்கிறது என்று பொருள். கேட்காவிட்டால் அத்தோடு அணைத்துவிடலாம்.

ஐபோனில் வேலை சற்றுக் குறைவு. 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்து, ஜெனரல் பகுதியின் இறுதியில் உள்ள 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்' மூலம் அனைத்தையும் அழித்தால் போதும்.

போனை ஒப்படைக்கும்போது உறையைக் கழற்றிவிட்டு, பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ரீசெட்டுக்கு முன்பே குறித்து வைத்த ஐஎம்இஐ எண் எழுதப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் அந்தப் போன் யார் கைக்குப் போனாலும், அது உங்களிடமிருந்து எப்போது போனது என்பதற்கு அந்த ரசீதுதான் சாட்சி.