அடிவயிற்று வலிக்கு இடுப்புக் குளியல்

மாதக்கணக்கில் படுத்தும் அடிவயிற்று வலியில், பல பெண்களுக்கு இடுப்புத்தளத் தசைகளும் (கருப்பை, சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் தசைகள்) இறுகிப்போயிருக்கும். அதைத் தளர்த்தத்தான் வெந்நீர்.

அகலமான டப்பில் தொப்புள் வரை 38–40 டிகிரி நீர். முழங்கையில் தொட்டால் இதமாக இருக்கணும், சுடக்கூடாது. கால்களை வெளியே போட்டு 15 நிமிடம் உட்காருங்கள். சென்னை காசிமேடு பக்கம் போர் தண்ணீர் உப்பு, எரிச்சல் தரலாம். மெட்ரோ தண்ணீரே நல்லது. டெட்டால், சோப்பு வேண்டவே வேண்டாம்.

பிறகு முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயால் தொப்புளைச் சுற்றி வலஞ்சுழியாக 5 நிமிடம் மெல்லத் தேய்க்கவும். வலிக்க அழுத்தினாலோ மூச்சை அடக்கினாலோ தசை மறுபடி இறுகிவிடும். மூச்சை நீளமாக விட்டபடியே செய்யுங்கள்.

கர்ப்பம், காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அதிக ரத்தப்போக்கு இருந்தால் இது கூடாது. தாமதிக்காமல் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் காட்டுங்கள்.