ட்ரம் செட்டுக்குச் சிம்பல் தெரிவு செய்வதும் பொருத்துவதும்

ஆரம்ப ட்ரம் செட்டோடு சேர்ந்து வரும் சிம்பல்கள், அதாவது குச்சியால் அடிக்கும் உலோகத் தட்டுகள், அநேகமாகப் பித்தளைத் தகட்டில் வெட்டியவை. அடித்தால் சத்தம் வரும், ஆனால் விரியாது. 'டங்' என்று எழும்பி அந்த இடத்திலேயே செத்துவிடும். மலிவான ட்ரம்மாக இருந்தாலும் புதுத் தோல் போட்டுச் சுருதியைச் சரியாக்கினால் நல்ல சத்தம் வாங்கிவிடலாம். சிம்பலுக்கு அந்த வழி கிடையாது. என்ன உலோகம், எப்படித் தட்டி எடுத்தார்கள் என்பதோடு அதன் குரல் முடிந்துபோகிறது. அதனால்தான், ட்ரம்மில் மிச்சம் பிடித்தாவது சிம்பலுக்குக் காசை ஒதுக்குங்கள் என்று கேட்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்.

செட்டைப் பூட்டவும் குச்சி பிடிக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே வருகிறேன்.

உலோகத்தைப் பாருங்கள்

பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். அதற்கு மேலே வெண்கலம், அதில் இரண்டு வகை. பி8 என்பது 92 வீதம் செம்பு, 8 வீதம் வெள்ளீயம். பி20 என்பது 80 வீதம் செம்பு, 20 வீதம் வெள்ளீயம். சிம்பல் செய்யும் கொம்பனிகளில், 1623இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய ஸில்ஜன், அந்தக் குடும்பத்திலிருந்தே பிரிந்து 1981இல் கனடாவில் உருவான சேபியன், இரண்டினதும் விலை கூடிய வரிசைகள் பி20தான். அதற்காக பி8ஐ ஒதுக்கத் தேவையில்லை. பைஸ்டி என்ற இன்னொரு கொம்பனியின் '2002' என்ற பெயர் கொண்ட வரிசை பி8இல் செய்தது. ரொக் வாசிப்பவர்கள் அரை நூற்றாண்டாக அதை விடவில்லை. பி8 கொஞ்சம் பளிச்சென்று, வெட்டினாற்போல் கேட்கும். பி20 இருண்டு, அடுக்கடுக்காக விரியும். காசு மட்டாக இருந்தால் புதுப் பித்தளையைவிடப் பாவித்த வெண்கலமே என் தெரிவு.

எதை முதலில் வாங்குவது

14 அங்குல ஹை-ஹாட், அதாவது பெடலை மிதித்தால் ஒன்றோடொன்று மூடும் இரட்டைத் தட்டு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பாட்டின் பெரும் பகுதியில் உங்கள் கை அங்கேதான் கிடக்கிறது. காலாலும் அதைத்தான் மிதிக்கிறீர்கள். அடுத்தது, தாளத்தைத் தொடர்ந்து வாசிக்கும் 20 அங்குல ரைட். அப்புறம், அழுத்தம் கொடுக்க ஓங்கி அடிக்கும் ஒரு கிராஷ்.

கிராஷ் என்றதும் எல்லோரும் 16 அங்குலத்தைத்தான் கேட்பார்கள். ஒன்றே ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் நான் 18 அங்குலத்தை, அதுவும் மெல்லியதை எடுக்கச் சொல்வேன். ஒரே அளவுச் சிம்பல்களில் மெல்லியது சட்டென்று திறந்து, தாழ்ந்த குரலில் பேசி, சீக்கிரம் அடங்கும். தடித்தது உயர்ந்த குரலில், பலமாக, நெடுநேரம் ஒலிக்கும். கொழும்பில் நாங்கள் வாசிக்கிற இடங்களை யோசித்துப் பாருங்கள்: டைல்ஸ் பதித்த சேர்ச் ஹோல், கொங்கிரீட் சுவர், திரைச்சீலைகூட இல்லாத கல்யாண மண்டபம். அங்கே தடித்த கிராஷை ஒரு தரம் அடித்தால் பாடுபவரின் அடுத்த வரி காணாமல் போய்விடும். மெல்லிய 18 அடங்கிப் பாடலுக்கு வழி விடும். பல்லவியில் அதன்மேலேயே ரைட் போலத் தொடர்ந்தும் வாசிக்கலாம்.

ஸ்பிளாஷ், சைனா போன்ற விசேஷச் சிம்பல்களை எல்லாம் பிறகு பார்க்கலாம்.

பாவித்தது வாங்கும்போது

சிம்பலின் நடு ஓட்டையில் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்து, விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள். ஒலி முழுதாகத் தேய்ந்து போகும்வரை காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள். அடங்கும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சரசரப்பு வந்தால் எங்கேயோ வெடிப்பு இருக்கிறது. பிறகு போன் டோர்ச்சைப் பின்பக்கம் பிடித்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்; நகத்தாலும் ஒரு சுற்றுத் தடவுங்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு நகத்தில் தட்டும். கடைசியாக ஓட்டையைப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் சாவித்துவாரம் போல நீண்டிருந்தால், அந்தச் சிம்பல் நெடுநாள் ஸ்டாண்டின் வெறும் இரும்புக் கம்பியில் உராய்ந்து ஆடியிருக்கிறது. விலை குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

இருக்கையிலிருந்து தொடங்குங்கள்

சிம்பலைத் தொடுமுன் ஸ்டூலில் ஏறி உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிற்கும் ஸ்னெயர் ட்ரம்மை அதற்கேற்ப வைத்து, மற்றதெல்லாவற்றையும் உங்களை நோக்கிக் கொண்டுவாருங்கள். எட்டிப் பிடித்து வாசிக்கும் செட் பார்ப்பதற்கு வடிவாக இருக்கும், தோள்தான் தாங்காது. 6/8 பைலாவை ஒரு கல்யாண வீட்டில் நிறுத்தாமல் வாசிக்கும்போது தெரியும், ரைட் நாலு அங்குலம் தள்ளி நின்றால் என்ன நோவு என்று.

ஹை-ஹாட்: 'சிக்' வராத பிரச்சினை

மற்ற எல்லாவற்றையும்விட என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு தட்டில் எது மேலே, எது கீழே என்று பாருங்கள். பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் பாரம் கூடியதைக் கீழே போடுங்கள். மேல்தட்டைக் கம்பியோடு பிடித்துவைக்கும் கிளட்சில் அதை மாட்டும்போது கிளட்சின் அடி நட்டை நன்றாக இறுக்குங்கள். அது இளகினால் பாட்டின் நடுவில் மேல்தட்டு தொப்பென்று கீழே விழும். ஆனால் மேலே உள்ள இரண்டு நட்டையும் ஒன்றோடொன்று பூட்டும்போது ஃபெல்ட்டை நசுக்கிவிடக்கூடாது. தட்டு கையால் அசைத்தால் ஆட வேண்டும். பெடலை விட்ட நிலையில் இரண்டு தட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு அங்குல இடைவெளி போதும். உயரம், ஸ்னெயருக்கு மேலே ஒரு சாண் அளவில் தொடங்கிப் பாருங்கள். வலது கை இடது கைக்கு மேலே குறுக்கே போகும்போது குச்சிகள் முட்டாத உயரம்தான் உங்கள் உயரம்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பெடலை மிதித்தால், 'சிக்' என்று வெட்டாமல் 'புஸ்' என்று ஒரு மந்தமான சத்தம் வரலாம். மெல்லிய தட்டோ மலிவான தட்டோ காரணம் இல்லை. இரண்டு தட்டும் நேருக்கு நேராக, முழு விளிம்பும் ஒரே கணத்தில் மூடினால் உள்ளே உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் அடைபட்டுப் போகிறது. கீழ்த்தட்டு உட்காரும் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கீழே இருந்து பார்த்தால்தான் கண்ணில் படும். அதைத் திருகினால் கீழ்த்தட்டு ஒரு பக்கம் லேசாகச் சரியும். கால் சுற்றுத் திருகி ஒரு தரம் மிதியுங்கள். மறுபடி கால் சுற்று, மறுபடி மிதி. ஓரிடத்தில் சத்தம் சட்டென்று பளிச்சிடும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் சரித்தால் தட்டுகள் ஒழுங்காக மூடாமல் சளசளக்கும். பைஸ்டியின் சவுண்ட் எட்ஜ் ஹை-ஹாட்டில் கீழ்த்தட்டின் விளிம்பையே அலை அலையாக நெளித்திருப்பதும் இந்தக் காற்று வெளியேறத்தான்.

ரைட்டும் கிராஷும்

ரைட்டை வலது பக்கம், தரையில் நிற்கும் புளோர் டொம் ட்ரம்முக்கும் காலால் அடிக்கும் பேஸ் ட்ரம்முக்கும் நடுவே, தாழ்வாக வையுங்கள். முழங்கை விலாவை விட்டு விலகாமல், குச்சியின் நுனி, சிம்பலின் நடுவில் புடைத்திருக்கும் குமிழுக்கும் விளிம்புக்கும் நடுவில் விழ வேண்டும். அங்கிருந்து மணிக்கட்டை மட்டும் நகர்த்தி குமிழைத் தொட முடிந்தால் இடம் சரி.

கிராஷை ஹை-ஹாட்டுக்கும் முதல் டொம்முக்கும் இடையே, ஹை-ஹாட்டைவிட உயரத்தில் வைத்து, உங்களை நோக்கி லேசாகச் சரியுங்கள். குச்சியின் தண்டு விளிம்பில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தலைக்கு மேலே மட்டமாக வைத்தால் தண்டு விளிம்பை நேராக வெட்டும். குச்சியும் போகும், நாளடைவில் சிம்பலும் வெடிக்கும்.

சிம்பலுக்கு மேலே பூட்டும் விங் நட்டை இறுக்கி முறுக்காதீர்கள். சிம்பல் அடிபட்டதும் ஊஞ்சல்போல ஆட வேண்டும், அப்போதுதான் அடியின் வேகம் உலோகத்துக்குள் தங்காமல் வெளியே போகும். ஸ்டாண்டின் கம்பியைச் சுற்றிப் பிளாஸ்டிக் குழாயும் மேலும் கீழும் ஃபெல்ட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். குழாய் தொலைந்துவிட்டதா? மீன் தொட்டிக்குப் போடும் ரப்பர் டியூப் புறக்கோட்டையில் மீற்றர் கணக்கில் கிடைக்கும். கம்பிக்குப் பொருத்தமான தடிப்பில் ஒரு துண்டு வாங்கி, ஒரு அங்குலம் வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது. ஸ்டாண்டின் மூன்று காலில் ஒன்று, சிம்பலின் பாரம் நீட்டி நிற்கும் திசையிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் பலமான ஒரு அடியில் ஸ்டாண்டோடு சாயும்.

பிறகு சேர்த்தது

இதை வாசித்தவர்கள் கேட்டவற்றில் மூன்றுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

வெள்ளவத்தை ஃபிளாட்டில் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வராமல் எப்படிப் பழகுவது? நிறைய ஓட்டை போட்ட குறைந்த சத்தச் சிம்பல்கள் இருக்கின்றன, ஸில்ஜனின் எல்80 போல. பயிற்சிக்கு நல்லது. சிம்பல்மேல் துவாயைப் போட்டுப் பழகுவதைவிட எவ்வளவோ மேல், குச்சி இயல்பாகத் துள்ளும்.

கடற்காற்றில் சிம்பல் பச்சை பிடிக்கிறது, குத்துவிளக்கு மாதிரிப் புளி போட்டுத் தேய்க்கலாமா? வேண்டாம். பல சிம்பல்களுக்கு மேலே மெல்லிய பூச்சு இருக்கும், புளியும் பித்தளை பொலிஷும் அதையும் எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும். வாசித்து முடிந்ததும் கைரேகையை உலர்ந்த துணியால் துடையுங்கள், கைவியர்வையின் உப்புத்தான் முதலில் கறுக்க வைக்கும். அழுக்கேறினால் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர், மெல்லிய துணி. சிம்பலின் மேலுள்ள வட்ட வரிகள் ஓடும் திசையிலேயே துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுங்கள்.

சேர்ச் செட்டில் நாலு பேர் வாசிக்கிறார்கள், ஒவ்வொரு தரமும் எல்லாம் மாறிக் கிடக்கிறது? ஆளுக்கொரு நிறத்தில் டேப் வாங்குங்கள். ஸ்டாண்ட் கால்கள் நிற்கும் இடத்தைக் கம்பளத்தில் ஒட்டுங்கள், ஸ்டாண்டின் குழாயில் உங்கள் உயரம் நிற்கும் இடத்தில் ஒரு சுற்று ஒட்டுங்கள். சொந்தச் சிம்பலை ஓட்டோவில் கொண்டு போகிறவர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே ஒரு பழைய சாரத்துண்டை மடித்து வையுங்கள், பையை மடியில் நிமிர்த்திப் பிடியுங்கள். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் படுக்கப் போட்டால், மேலே யாராவது அம்ப்ளிஃபயரைத் தூக்கி வைப்பார்கள்.