பிரிந்தவர்கள் மீண்டும் சேரும் கதை எங்கே சறுக்குகிறது?

விவாகரத்தான தம்பதியோ பழைய காதலர்களோ மறுபடி சேரும் கதையில் முடிவு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். எப்படிச் சேர்கிறார்கள் என்று பார்க்கத்தான் வாசகர் உட்காருகிறார். பல கதைகள் சறுக்குவதும் அந்த இடத்தில்தான்.

பெரிய தவறு, பிரிவுக்கான காரணம் சொத்தையாக இருப்பது. யாரோ அனுப்பிய போட்டோ, பாதி மட்டும் காதில் விழுந்த போன் பேச்சு, அத்தை ஒளித்துவைத்த கடிதம். இவற்றை நம்பி ஏழு வருடம் பிரித்து வைத்தால், ஒரு வாட்ஸாப் மெசேஜில் தீர்ந்திருக்குமே என்று வாசகர் கேட்பார். தவிர, பழி முழுக்க வில்லி தலையில் விழுந்துவிட்டால், நாயகனும் நாயகியும் மாறவேண்டிய அவசியமே இருக்காது. புலவி, அதாவது ஊடல், உப்பைப் போன்றது, கொஞ்சம் நீண்டாலும் உப்புக் கரித்துவிடும் என்று வள்ளுவர் 1302-ஆம் குறளிலேயே அளவு சொல்லிவிட்டார். வெறும் ஊடலை முந்நூறு பக்கத்துக்கு இழுக்க முடியாது.

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவல் 1817 டிசம்பரில் வெளிவந்தது. அதில் ஆன் எலியட், கையில் காசில்லாத கடற்படை அதிகாரியுடன் நடந்த நிச்சயத்தை, தாய் ஸ்தானத்தில் இருந்தவர் பேச்சைக் கேட்டு முறித்துக்கொள்கிறாள். எட்டு ஆண்டு கழித்து அவன் வசதியோடும் ஆறாத கோபத்தோடும் திரும்பி வருகிறான். பிரித்ததில் சதி எதுவும் இல்லை. முடிவு அவளுடையது, அன்றைக்கு அதில் நியாயமும் இருந்தது. அதனால்தான் இருவருக்குமே கடக்க வேண்டிய தூரம் மிச்சம் இருக்கிறது.

அடுத்தது மன்னிப்பு. நாயகன் வாய்க்கு வந்தபடி பேசுவான், சில கதைகளில் கையும் நீட்டுவான். அப்புறம் ஒரு விபத்து, ஐசியு வாசலில் அவள் அழுகை, அவன் கண் திறந்ததும் எல்லாம் சரி! அடிபட்டவன்மேல் இரக்கம் வரலாம், ஆனால் அவன் திருந்திவிட்டான் என்பதற்கு அது சாட்சி ஆகாது. முன்பு எங்கே தவறினானோ அங்கேயே மறுபடி நிறுத்துங்கள். அம்மா எதிரில் மனைவியை விட்டுக்கொடுத்தவனா? அதே அம்மா, அதே கூடம், அதே பேச்சு. இந்த முறை என்ன செய்கிறான் என்று காட்டினால் மூன்று பக்க மன்னிப்பு வசனம் தேவைப்படாது. கை நீட்டியவனைச் சேர்த்துத்தான் வைக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. எனக்கு அந்த ரகக் கதைகள் ஒப்பவில்லை.

‘குழந்தைக்காக’ என்ற ஒரே காரணத்தில் சேர்த்து வைப்பதும் குறுக்குவழிதான். காதல் கதை என்று சொல்லிவிட்டுப் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் முடிப்பானேன்?

கோர்ட் காட்சி எழுதுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு வாருங்கள்’ என்று நீதிபதி உத்தரவிடுவது கதைகளில் வழக்கமாகிவிட்டது. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு அப்படிச் சொல்லவில்லை. பரஸ்பர சம்மதத்தில் பிரிய மனு போடுவதற்கே ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகு வரும் ஆறு மாதம், யோசித்துப் பார்ப்பதற்கான அவகாசம். அதையும் தேவைப்பட்டால் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. கதை எழுதுபவருக்கு இதைவிட ருசியானது அதே நீதிமன்றத்தின் 1991 தீர்ப்பு: ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிந்து வாழ்வதுதான், தீர்ப்பாகும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். உத்தரவே இல்லாமல் இருவரையும் ஒரே வீட்டில் வைத்து எழுத இது போதாதா?

விவாகரத்து ஆன பிறகு மனம் மாறினால், அவர்கள் மறுபடி முறைப்படி திருமணம் செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது கல்யாணக் காட்சி சட்டப்படியே கையில் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு, கோர்ட் வாசலில் கட்டிப்பிடிக்க வைத்து நேராக வீட்டுக்கு ஆட்டோ ஏற்றிவிடுகிறார்கள்.