இரட்டைத் தொகுதி வினையூக்கி: வலிமையைக் கூட்டுவதே முதல் தவறு

ஒரே கரிம மூலக்கூறில் அமிலத் தொகுதியையும் காரத் தொகுதியையும் பொருத்தி வினையூக்கி வடிவமைக்கத் தொடங்குபவர்கள், வினை மந்தமாக நடந்தால் உடனே இரண்டின் வலிமையையும் கூட்டிப் பார்க்கிறார்கள். அது தவறான திசை என்பது ஸ்வெயின், பிரவுன் இருவரும் 1952-இல் வெளியிட்ட ஆய்விலேயே தெரிந்துவிட்டது. பென்சீனில் டெட்ராமெத்தில் குளுக்கோஸின் சுழற்சி மாற்ற வினைக்கு (சர்க்கரை மூலக்கூறு தன் இரு வடிவங்களுக்கிடையே மாறும் வினை), இரு தொகுதிகளையும் ஒரே மூலக்கூறில் கொண்ட 2-ஹைட்ராக்சிபிரிடின் 0.001 மோலார் செறிவில், அதே செறிவில் ஃபீனாலும் பிரிடினும் சேர்ந்த கலவையைவிட ஏறத்தாழ 7000 மடங்கு வேகம் தந்தது. இத்தனைக்கும் அது ஃபீனாலைவிட வலுக்குறைந்த அமிலம், பிரிடினைவிட வலுக்குறைந்த காரம். இரு தொகுதிகளும் அமைந்திருந்த இடம்தான் அந்த வேகத்தைத் தந்தது.

வலிமை மிகுந்தால், காரம் பக்கத்திலுள்ள அமிலத்தின் புரோட்டானையே பறித்துக்கொள்ளும். குடுவையில் மிஞ்சுவது வினைக்கு உதவாத உள்ளுப்புதான். அமிலப் பக்கமான தயோயூரியாவும் காரப் பக்கமான மூவிணைய அமீனும் ஒத்துப்போவதற்கு அவற்றின் மிதமே காரணம். டாக்கெமோட்டோ குழுவினர் 2003-இல் இவ்விரண்டையும் டிரான்ஸ்-1,2-டைஅமினோசைக்ளோஹெக்சேன் சட்டத்தில் பொருத்தி, மலோனேட்டை நைட்ரோ ஆல்கீன்களுடன் சேர்த்தபோது, விளைபொருளின் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்களில் ஓர் ஆடிவடிவத்தின் மிகுதி 93% வரை எட்டியது. அந்த விறைப்பான வளையத்துக்குப் பதிலாக நீண்டு துவளும் கார்பன் சங்கிலியைப் போட்டால், தொகுதிகள் இருந்தும் அவை நிற்கும் திசை நம் கையில் இருக்காது. தயோயூரியா இருந்த இடத்தில், ஹைட்ரஜன் பிணைப்புத் தரும் இன்னொரு தொகுதியான ஸ்குவாரமைடை அப்படியே செருகுவதும் இதே வகைப் பிழைதான்: இரு N–H ஹைட்ரஜன்களுக்கிடையிலான தொலைவு சுமார் 2.1 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 2.7-க்கு மாறிவிடுகிறது.

கரைப்பானைப் பொறுத்தவரை, டைமெத்தில் சல்பாக்சைடும் மெத்தனாலும் ஹைட்ரஜன் பிணைப்பைத் தாங்களே பிடித்துக்கொள்ளும் என்பதால் தேர்வுத்திறனுக்கான (எந்த ஆடிவடிவம் எவ்வளவு மிகுதியாக உருவாகிறது என்பதற்கான) சோதனையை டொலுயீனில் தொடங்குவதே நல்லது. ஆனால் அங்கே தயோயூரியா மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒரே செறிவில் எடுத்த அளவீட்டை நம்பாமல், கரைசலை நீர்க்கச் செய்தும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எந்தத் தொகுதி எதைப் பிடிக்கிறது என்று அம்புக்குறி வரைந்தவுடன் அதை உண்மையென்று எடுத்துக்கொள்வது எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பது. தயோயூரியா நைட்ரோ தொகுதியைப் பிடிக்கிறது என்பதே வழக்கமான படம். 2006-இல் வெளியான கணக்கீடுகளோ, தயோயூரியா ஈனோலேட்டையும் (காரத்திடம் புரோட்டானை இழந்து வினைபுரியும் அயனி) புரோட்டான் ஏற்ற அமீன் நைட்ரோவையும் பிடிக்கும் பாதையே சாதகமானது என்றன. 25 டிகிரி செல்சியஸில் 90% மிகுதிக்கு வேண்டிய ஆற்றல் வேறுபாடு மோலுக்குச் சுமார் 7.3 கிலோஜூல்தான், இவ்வளவு சிறிய வேறுபாட்டைத் தாளில் வரைந்த படம் தீர்மானித்துவிடாது. அமீன் இல்லாத தயோயூரியா, தயோயூரியா இல்லாத அமீன், இரண்டின் வெறுங்கலவை ஆகிய மூன்றையும் அதே செறிவில் ஓட்டிப் பார்க்காமல் ‘கூட்டுச் செயல்’ என்று எழுதக் கூடாது.