கம்பத்திலிருந்து கோட்டயம் வரை: பிக்கப் வண்டியின் உண்மையான மைலேஜைக் கண்டறிவது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கில் புதிதாகப் பிக்கப் வாங்கியவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எவ்வளவு கொடுக்கிறது?" என்பதுதான். அவரும் பத்து என்றோ பன்னிரண்டு என்றோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண்ணை நம்பி வாடகை பேசுகிறவர்களும் உண்டு, ஓட்டுநரைச் சந்தேகிக்கிறவர்களும் உண்டு. தேனி, மதுரை என்று சமதளத்தில் ஓடும் வண்டிக்கு ஒரே எண் ஓரளவு பொருந்தும். காய்கறியோ வாழைத்தாரோ பன்னீர் திராட்சையோ ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளம் செல்லும் வண்டிக்கு அது பொருந்தாது. அந்த வண்டிக்குக் குறைந்தது இரண்டு எண்கள் வேண்டும்: சுமையோடு போகும்போது ஒன்று, காலியாகத் திரும்பும்போது மற்றொன்று. அவற்றை எப்படி எடுப்பது, எடுத்த பிறகு எதை மாற்றினால் டீசல் மிச்சமாகும் என்பதே இங்கே பேசப்படுவது.

விற்பனை நிலையத்தில் சொல்லப்படும் மைலேஜ் பொய் அன்று. ஆனால் அது நம் சாலைக்கு உரிய எண்ணும் அன்று. இந்தியாவில் 3.5 டன் வரை மொத்த எடை கொண்ட வண்டிகள் ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் நிறுத்தி, வகுக்கப்பட்ட ஓட்டுமுறைப்படி ஓட்டிச் சோதிக்கப்படுகின்றன. ஏறத்தாழ இருபது நிமிடம் நீளும் அந்தச் சோதனையில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. மலை ஏற்றம் இல்லை, எதிர்க்காற்று இல்லை, கொண்டை ஊசி வளைவுக்காகக் கியரைக் குறைக்க வேண்டிய தேவையும் இல்லை. இரண்டு மாடல்களை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க அந்த எண் உதவும். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

அளவெடுப்பதற்கு நம்பகமான வழி, டேங்கை நிரப்பி மீண்டும் நிரப்பும் பழைய முறையே: இடையில் ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். டேஷ்போர்டில் தெரியும் சராசரி மைலேஜ், பீய்ச்சப்படும் எரிபொருளைக் கணினி கணித்துச் சொல்வது. அது பல வண்டிகளில் சற்றுத் தாராளமாகவே காட்டும். ஒரே பங்க், கூடுமானால் ஒரே பம்ப், வண்டி சமதளத்தில் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். துப்பாக்கி தானாக முதல் முறை "டக்" என்று நின்றதும் நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். ஊழியர் ரூபாயை முழுதாக்குவதற்காக விசையை மேலும் இரண்டு மூன்று முறை அழுத்துவார். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் நுரை அடங்கி இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். இப்படி ஒரு லிட்டர் கூடினால், இருபத்தைந்து லிட்டர் செலவாகும் நடையில் கணக்கு நான்கு சதவீதம் பிசகிவிடும். ஒரு நடையின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அடுத்தடுத்த சில நடைகளைக் கூட்டிப் பார்க்கும்போதுதான் இந்தப் பிசகுகள் ஒன்றையொன்று ஈடு செய்யும்.

தூரத்தையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. கம்பெனி கொடுத்த டயருக்குப் பதிலாகப் பெரிய அளவு டயர் மாட்டியிருந்தால், சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். மீட்டரோ பழைய கணக்கையே காட்டும். மைலேஜ் உண்மையில் குறையாமலேயே குறைந்தது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களை ஒட்டியோ கைபேசியின் வரைபடத்தைக் கொண்டோ இருபது கிலோமீட்டருக்கு ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். போகும் செலவையும் வரும் செலவையும் பிரிக்க வேண்டுமானால், கோட்டயத்தில் லோடு இறக்கியபின் அங்கே ஒரு முறை டேங்கை நிரப்பியாக வேண்டும். கேரளத்தில் டீசல் விலை பொதுவாகச் சற்றுக் கூடுதல். 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புத் தீர்வையும் அங்கே சேர்ந்தது. அதனால்தான் நம் ஓட்டுநர்கள் கம்பத்தை அடுத்த கூடலூரிலேயே நிரப்பிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். அந்தப் பழக்கம் நியாயமானதே. ஆயினும் அளவெடுக்கும் சில நடைகளுக்கு மட்டும் அந்தக் கூடுதல் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம். அதனால் கிடைக்கும் தெளிவு அதைவிட மதிப்புள்ளது.

பிரித்துப் பார்க்கும்போது பலருக்கும் வியப்பூட்டுவது, காலி வண்டி எதிர்பார்த்த அளவுக்கு மிச்சம் பிடிக்காததுதான். "லோடுதான் இல்லையே, பிறகு ஏன் இவ்வளவு குடிக்கிறது?" என்று உரிமையாளர் கேட்பார், அடுத்த சந்தேகம் ஓட்டுநர் மேல் விழும். சாலையின் உயரங்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ 450 மீட்டர். வண்டிப்பெரியாறு, பீர்மேடு தாண்டிக் குட்டிக்கானம் சேரும்போது சாலை கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது; அதன் பிறகு முண்டக்கயம் வரை ஒரே இறக்கம். சுமையோடு போகும் வண்டி கம்பத்தின் உயரத்திலிருந்து புறப்படுவதால் எழுநூறு மீட்டர் அளவே ஏறுகிறது. காலியாகத் திரும்பும் வண்டியோ முண்டக்கயத்தின் தாழ்விலிருந்து ஆயிரம் மீட்டர் ஏற வேண்டியிருக்கிறது.

இதை டீசலாக மாற்றிப் பார்க்கலாம். மொத்தம் மூன்று டன் எடையுள்ள வண்டியை 450 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் ஏறக்குறைய 13 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருந்தாலும், நல்ல டீசல் எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 12 மெகாஜூல் அளவையே சக்கரத்துக்குத் தருகிறது. எஞ்சியது சூடாகவும் புகையாகவும் போகிறது. ஆகவே குமுளி மலையைச் சுமையோடு ஏறுவதற்கென்றே, சாதாரணமாக ஓடும் செலவுக்கு மேல், ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக டீசல் வேண்டும். எழுநூறு மீட்டருக்கு அது ஒன்றே முக்கால் லிட்டரை நெருங்கும். ஒன்றே முக்கால் டன் எடையுள்ள காலி வண்டி ஆயிரம் மீட்டர் ஏறுவதற்கும் அதே கணக்கில் ஒன்றரை லிட்டர் அளவு ஆகிறது. மலை ஏற்றத்துக்கான செலவைப் பொறுத்தவரை போவதும் வருவதும் கிட்டத்தட்ட சமம். ஓட்டுநரை அழைத்து விசாரிப்பதற்கு முன் இந்தக் கணக்கை உரிமையாளர் ஒரு முறை தாளில் போட்டுப் பார்ப்பது, இருவருக்கும் நல்லது.

வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, ஒரு டன் சரக்குக்கு எத்தனை லிட்டர் என்பதே பயனுள்ள கணக்கு. உதாரணமாக, போகவர 260 கிலோமீட்டருக்கு 1.3 டன் சரக்கோடு 24.5 லிட்டர் செலவானால் டன்னுக்கு 19 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு டன் மட்டும் ஏற்றிப் போனால் மொத்தச் செலவு ஒரு லிட்டர் குறையலாம். ஆனால் டன்னுக்கு 23.5 லிட்டர் ஆகிவிடும். மைலேஜ் எண் அழகாகத் தெரியும் நடையில்தான் கையில் நிற்கும் பணம் குறைவு. இதைப் பார்த்துவிட்டு அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மிகைச் சுமைக்கான அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய் அதன்மேல் சேர்கிறது. மண்டியில் சொல்லும் மூட்டைக் கணக்கை நம்பாமல் எடை மேடையில் ஏற்றி எழுதிக்கொள்வதே சரி.

ஓட்டும் முறையில் மலை ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் தவறான நம்பிக்கை அதிகம். நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் காலத்துப் பேச்சு இது. கணினியின் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் இன்றைய காமன் ரெயில் எஞ்சினில், வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தின் விசையே எஞ்சினைச் சுழற்றுகிறது. கணினி டீசல் பீய்ச்சுவதை முழுதாக நிறுத்திவிடுகிறது. நியூட்ரலுக்கு மாற்றினால் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க டீசல் கொடுத்தே ஆக வேண்டும். ஆக, நியூட்ரலில் செலவு கூடுகிறது. எஞ்சின் பிரேக்கும் கைவிட்டுப் போகிறது. குட்டிக்கானம் இறக்கத்தில் மூன்று டன் எடையும் பிரேக் லைனிங்கின் மேல் விழுகிறது. சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வாக்குவம் சில அழுத்தங்களில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது என்ற பழைய ஓட்டுநர்களின் வழக்கம், பாதுகாப்போடு டீசலையும் காக்கிறது.

ஏறும்போது கவனிக்க வேண்டியது எஞ்சின் சுழற்சி. இவ்வகை எஞ்சின்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 1,400 முதல் 2,200 வரையான சுழற்சியில்தான் முழு இழுவையைத் தருகின்றன. மூன்றாம் கியரில் வண்டி முனகும் வரை இழுத்துவிட்டு, வளைவின் நடுவில் அவசரமாக இரண்டுக்கு மாற்றுவது வீண்; வளைவுக்கு முன்பே குறைத்துக்கொண்டு ஒரே சீராக ஏறினால் செலவும் குறையும், கிளட்ச்சும் பிழைக்கும். டாடா இன்ட்ரா போன்ற சில வண்டிகளில் கியர் மாற்றச் சொல்லும் குறிப்பும் ஈக்கோ நிலையும் உண்டு. சமதளத்தில் அவை நல்ல துணை. ஏற்றத்தில் சுமையோடு இருக்கும்போது காதையும் அனுபவத்தையும் நம்புவதே மேல் என்பது என் கருத்து.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புகை மாசுக்கான பாரத் ஸ்டேஜ் விதியின் ஆறாம் நிலை) வண்டிகளில் பழைய வண்டியில் இல்லாத ஒரு செலவும் இருக்கிறது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி நிறைந்ததும், கூடுதல் டீசலைக் கொடுத்துப் புகைப்போக்கியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, வண்டி அந்தக் கரியைத் தானே எரித்துவிடுகிறது. அவ்வேளையில் ஐடிலிங் சற்று உயரும், ஃபேன் ஓடும், சூட்டு வாடை அடிக்கும், மைலேஜ் குறையும். தோட்டத்துக்கும் மண்டிக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் ஓடி ஓடி நிற்கும் வண்டியில் இந்த எரிப்பு பாதியில் அறுந்து, மீண்டும் மீண்டும் தொடங்கும்; டீசல் வீணாவதோடு எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். டேஷ்போர்டில் இந்த வடிகட்டிக்கான விளக்கு எரிந்தால் வண்டியை அணைக்காமல், தேனி சாலை போன்ற நேரான பாதையில் இருபது நிமிடம் சீராக ஓட்டிவிட வேண்டும். ஆயில் மாற்றும்போது கையேட்டில் குறிப்பிட்ட, சாம்பல் குறைந்த வகையையே ஊற்ற வேண்டும்; மலிவான ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும்.

சமதளத்தில் எதிரி காற்றுதான். வேகம் 60இலிருந்து 80ஆக உயரும்போது காற்றின் தடை ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மலைப் பக்கமிருந்து இறங்கும் காற்றுக்கு எதிராக உத்தமபாளையத்திலிருந்து கூடலூர் நோக்கி வருகிறவருக்கு வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மாதங்களின் எண்ணைத் தை மாத எண்ணோடு ஒப்பிடவும் கூடாது. தார்ப்பாய் படபடவென்று அடிக்காமல் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். காலியாகத் திரும்பும்போது உயரமான கம்பி அடைப்பில் தார்ப்பாயை அப்படியே விட்டுவிடாமல் மடித்துவைப்பதும் பலன் தரும்.

டயர்க் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் சுமைக்கு ஒன்றும் காலிக்கு ஒன்றுமாக அளவு இருக்கும். சுமை ஏற்றும் நாளில் பின் டயருக்குக் காலி வண்டியின் காற்றே இருந்தால் மைலேஜும் போகும், டயரும் போகும். பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு: சமதளத்தில் பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோனால், மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அனல் வீசுவது தெரியும். மலை இறங்கியவுடன் இதைச் செய்தால் எல்லாமே சுடும், பயனில்லை.

குமுளிச் சோதனைச் சாவடியிலும் மண்டி வாசலிலும் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது, மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை தின்னும். சபரிமலைப் பருவத்தில் இந்தக் காத்திருப்பும் கம்பம் மெட்டு வழியான மாற்றுப் பாதையும் சேர்ந்து எண்ணையே மாற்றிவிடும் என்பதால், கணக்கு எழுதும் நோட்டில் அந்த நடைகளுக்கு அருகே குறிப்பு எழுதிவைக்க வேண்டும்.

ஒரே பாதை, ஒரே அளவு சுமை, ஒரே பருவம் என்ற நிலையில் மூன்று நான்கு நடைகளாக எண் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியே இருந்தால், டயர்க் காற்று, பிரேக், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் என்ற வரிசையில் முதலில் பார்க்கலாம். அவை சரியாக இருந்தும் மாறவில்லையென்றால் சர்வீஸ் நிலையத்துக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும். "மைலேஜ் குறைகிறது" என்று வாயால் சொன்னால் ஃபில்டரை ஊதித் தந்து அனுப்பிவிடுவார்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பாதையில், சுமையோடு எவ்வளவு, காலியாக எவ்வளவு என்று காட்டினால், கணினியைப் பொருத்தி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் கரி எரிப்பு எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை நடக்கிறது என்பதையும் பார்க்கும்படி கேட்க முடியும்.