சைக்கிள் பூட்டுக்கு நானே செய்த தாங்கி

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம், யூ வடிவப் பூட்டைச் சுமந்த பிளாஸ்டிக் தாங்கி, அதிர்வில் சட்டக் குழாயைச் சுற்றி நழுவி என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. உருண்டைக் குழாயில் உராய்வை மட்டுமே நம்பும் பிடி, ஒன்றரைக் கிலோ எடையின் ஆட்டத்தைத் தாங்காது. ஆகவே, தண்ணீர்ப் பாட்டில் தாங்கிக்காகச் சட்டத்தில் 64 மி.மீ. இடைவெளியில் ஏற்கெனவே அமைந்திருந்த இரண்டு 5 மி.மீ. திருகுத் துளைகளில் 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றைப் பொருத்தி, பூட்டின் தண்டு அமரும் இடங்களில் பழைய டியூப் ரப்பரை ஒட்டி, மேலே வார்ப்பட்டையால் இறுக்கினேன். முதலில் ரப்பர் வைக்காதது என் தவறு. பூட்டின் பூச்சே உரிந்துவிட்டது. திருகுகளை மிகையாக முறுக்காதீர்கள், சட்டத்தின் மரை கெட்டால் சீர்செய்வது கடினம். இப்போது இறக்கத்தில் பூட்டு அசைவதில்லை.