அமெச்சூர் பட்டத்துக்குப் பிறகு: தொழில்முறை கோல்ஃபுக்குள் நுழைவது எப்படி

தேசிய அளவில் ஓர் அமெச்சூர் பட்டத்தை வென்ற இளம் கோல்ஃப் வீரரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, எப்போது தொழில்முறைக்கு மாறப்போகிறாய் என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு வென்ற கோப்பையை வைத்து விடை தேடக் கூடாது; வரும் ஓராண்டில் எந்தெந்தப் போட்டிகளில் ஆட உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தே விடை சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் தேர்வுக் குழு ஒருவரை அணியில் சேர்த்துவிட்டால் பயணமும் தங்குமிடமும் வாரியத்தின் பொறுப்பு. கோல்ஃபில் தேர்வுக் குழு என்று எதுவும் கிடையாது. ஆடும் உரிமையை, அதாவது வீரர்கள் ‘கார்டு’ என்று சொல்வதை, ஒவ்வொருவரும் தாமே சம்பாதித்து, பெரும்பாலும் ஆண்டுதோறும் மீண்டும் சம்பாதிக்க வேண்டும். கார்டு இல்லாமல் தொழில்முறைக்கு மாறியவர், அமெச்சூர் போட்டிகளிலும் ஆட முடியாமல், தொழில்முறைப் போட்டிகளிலும் இடம் கிடைக்காமல் நடுவில் நின்றுவிடுவார்.

முதலில், அமெச்சூராக இருப்பதன் பயனை முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள்

ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய இரு அமைப்புகளும் சேர்ந்து வகுக்கும் அமெச்சூர் தகுதி விதிகள் 2022 ஜனவரி 1 முதல் பெரிதும் தளர்த்தப்பட்டுள்ளன. முன்பு ஸ்பான்சர் பணத்துக்காகவே பலர் அவசரமாகத் தொழில்முறைக்கு மாறினார்கள். இப்போது அமெச்சூராக இருந்துகொண்டே ஸ்பான்சரிடம் பணம் பெறலாம், விளம்பரத்தில் தோன்றலாம், பயணச் செலவுக்கு உதவி வாங்கலாம். வரம்பை மீறிய பரிசைப் பெறுவது, கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி அளிப்பது, கிளப்பில் தொழில்முறைப் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்வது, தொழில்முறை வீரர்கள் சங்கத்தில் உறுப்பினராவது போன்றவைதான் அந்தத் தகுதியைப் பறிக்கும்.

அமெச்சூருக்கு மட்டுமே திறக்கும் கதவுகளும் உண்டு. 2009-இல் தொடங்கிய ஆசிய பசிபிக் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பை வெல்பவருக்கு மாஸ்டர்ஸ், ஓப்பன் சாம்பியன்ஷிப் ஆகிய இரண்டு மேஜர் (கோல்ஃபின் மிகப் பெரிய) போட்டிகளுக்கும் அழைப்பு கிடைக்கிறது. ஜப்பானின் ஹிடேகி மாட்சுயாமா 2010-இல் அதை வென்று, 2011 மாஸ்டர்ஸில் அமெச்சூர்களில் முதலிடம் பெற்றார். உடனே மாறியிருக்கலாம், அவர் மாறவில்லை. அதே ஆண்டு ஆசிய பசிபிக் பட்டத்தை மறுபடியும் வென்று, 2013-இல்தான் தொழில்முறைக்கு வந்தார். வந்த முதல் ஆண்டிலேயே ஜப்பான் டூரின், அதாவது அந்நாட்டுத் தொழில்முறைப் போட்டித் தொடரின், பரிசுப் பணப் பட்டியலில் முதலிடம், 2021-இல் மாஸ்டர்ஸ் பட்டம் என்று தொடர்ந்தது அவரது பயணம். அந்த இரண்டு ஆண்டுக் காத்திருப்பை நான் வீணாகக் கருதவில்லை. பெரிய மைதானங்களையும் பெரிய கூட்டத்தையும் வயிற்றுப்பாட்டுக் கவலை இன்றிப் பழகிக்கொள்ளக் கிடைத்த காலம் அது.

உங்கள் ஆட்டத்தை எதைக் கொண்டு அளப்பது

உங்களுடைய மிகச் சிறந்த சுற்றை மறந்துவிடுங்கள். தொழில்முறையில் ஒருவரின் வருமானத்தைத் தீர்மானிப்பது, ஆட்டம் கைகொடுக்காத நாளில் அவர் எத்தனை ஸ்ட்ரோக்கில், அதாவது பந்தை எத்தனை முறை அடித்து, முடிக்கிறார் என்பதுதான். 7,000 கெஜத்தைத் தாண்டிய மைதானங்களில், பின் டீயிலிருந்து, அதாவது மிகத் தொலைவான தொடக்க இடத்திலிருந்து, நான்கு சுற்றுப் போட்டிகளாக ஆடிய சுற்றுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் மோசமான கால் பகுதியின் சராசரியைக் கணக்கிடுங்கள். அது பாருக்கு, அதாவது மைதானத்துக்கு வகுத்திருக்கும் ஸ்ட்ரோக் எண்ணிக்கைக்கு, நான்கு, ஐந்து ஸ்ட்ரோக் மேலே இருக்குமானால் இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். தொழில்முறைப் போட்டிகளில் அமெச்சூர்களுக்குச் சில இடங்கள் ஒதுக்கப்படுவதுண்டு. அப்படி ஓர் இடம் கிடைத்தால் தவறவிடாமல் ஆடி, பரிசுப் பணம் வாங்கும் இடத்தில் முடித்திருப்பீர்களா என்று நேர்மையாகப் பாருங்கள்.

ஸ்ட்ரோக்குகளின் மொத்தம் மட்டும் போதாது. டீ ஷாட் (முதல் அடி), குழி இருக்கும் புல்தரையான கிரீனை நோக்கிய அப்ரோச், கிரீனைச் சுற்றிய சிறு ஆட்டம், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங் ஆகிய ஒவ்வொன்றிலும் களத்தில் உள்ள மற்றவர்களைவிட எத்தனை ஸ்ட்ரோக் சேமிக்கிறீர்கள் அல்லது இழக்கிறீர்கள் என்று பிரித்துப் பார்க்கும் ‘ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்’ முறையைப் பயன்படுத்துங்கள். பட்டிங் சரியில்லை என்று மணிக்கணக்காகப் பட்டிங் பயிற்சி செய்யும் பலருக்கு உண்மையான இழப்பு அப்ரோச்சில் இருப்பது இந்தக் கணக்கில்தான் வெளிச்சத்துக்கு வரும்.

கார்டு வாங்கும் வழிகள்

பெரும்பாலோருக்கான வழி, ‘க்யூ ஸ்கூல்’ எனப்படும் தகுதிப் போட்டி. பெயரில் பள்ளி இருந்தாலும் அங்கே யாரும் எதுவும் கற்பிப்பதில்லை. பல சுற்றுகள் கொண்ட கடுமையான போட்டி அது. பலரும் அறியாத செய்தி, இதில் அமெச்சூராகவே கலந்துகொள்ளலாம் என்பது. பெங்களூருவின் அதிதி அசோக் இதற்கு மிகச் சரியான முன்மாதிரி. 2015 டிசம்பரில், 17 வயதில், அமெச்சூராகவே மொராக்கோவுக்குச் சென்று லேடீஸ் யூரோப்பியன் டூரின் தகுதிப் போட்டியில் ஆடி, அதை வென்ற முதல் இந்தியரானார். கார்டு கைக்கு வந்த பிறகே, 2016 ஜனவரி 1 அன்று தொழில்முறைக்கு மாறினார். அந்த ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக், நவம்பரில் இந்திய மகளிர் ஓப்பன் பட்டம் என அந்த ஓராண்டு அமைந்தது. தகுதிப் போட்டியில் தோற்றிருந்தாலும் அவர் இழப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. அமெச்சூராகவே நாடு திரும்பியிருப்பார். நீங்களும் இந்த வரிசையிலேயே செய்யுங்கள்: முதலில் கார்டு, பிறகு அறிவிப்பு.

இந்திய ஆண்களுக்கு இயல்பான தொடக்கம் பிஜிடிஐ என்று அழைக்கப்படும் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் டூர். பெண்களுக்கு இந்திய மகளிர் கோல்ஃப் சங்கம் நடத்தும் தொழில்முறை டூர். உள்நாட்டு டூரைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். பிஜிடிஐ தரவரிசையில் ஆண்டு முடிவில் முதலிடம் பெறுபவருக்கு ஐரோப்பாவின் டிபி வேர்ல்ட் டூரில் கார்டு வழங்கும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. 2023-இல் ஓம் பிரகாஷ் சௌஹான், 2024-இல் வீர் அஹ்லாவத் ஆகியோர் அந்த வழியாகவே அங்கு சென்றனர். இதற்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் ஆசியன் டூரும், அதற்குக் கீழே ஆசியன் டெவலப்மென்ட் டூரும் இருக்கின்றன.

அமெரிக்கக் கல்லூரி வழி நாளுக்கு நாள் வலுப்பெற்று வருகிறது. ஜீவ் மில்கா சிங் 1993-இல் கல்லூரி கோல்ஃபில் இரண்டாம் பிரிவு தேசியப் பட்டத்தை வென்றுதான் தொழில்முறைக்கு வந்தார். அந்நாளில் கல்லூரிப் பட்டம் எந்த டூரிலும் இடம் தரவில்லை. இன்று பிஜிஏ டூர் யுனிவர்சிட்டி என்ற தரவரிசையில் முதலிடம் பெறும் இறுதியாண்டு மாணவருக்கு நேரடியாக அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை டூரான பிஜிஏ டூரின் கார்டே கிடைக்கிறது. 2023-இல் அப்படி முதன்முதலில் நுழைந்த ஸ்வீடனின் லுட்விக் ஓபேரி, அதே ஆண்டு ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பைக்கான ஐரோப்பிய அணியிலும் இடம் பிடித்தார். படிப்பில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இந்த வழியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

மீதமுள்ளவை, போட்டி நடத்துநர் தரும் ஸ்பான்சர் அழைப்பும், போட்டி வாரத்தில் சில இடங்களுக்காக நடக்கும் திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றும். டைகர் உட்ஸ் 1996 ஆகஸ்டில் தொடர்ந்து மூன்றாவது முறையாக யுஎஸ் அமெச்சூர் பட்டத்தை வென்று தொழில்முறைக்கு வந்தபோது அவரிடமும் கார்டு இல்லை. எண்ணிக்கையில் வரம்புக்குட்பட்ட ஸ்பான்சர் அழைப்புகளே இருந்தன. மில்வாக்கியில் 60-ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டு அவர் பெற்ற முதல் பரிசு 2,544 டாலர். ஐந்தாவது போட்டியில் லாஸ் வேகஸில் வென்று கார்டைப் பெற்றார். திங்கட்கிழமை வழியாக நுழைந்து 2010-இல் விண்டம் சாம்பியன்ஷிப்பையே வென்றவர் அர்ஜுன் அத்வால். பிஜிஏ டூரில் வென்ற முதல் இந்தியர் அவர்தான். இவை நடந்தவைதான் என்றாலும், இவற்றை நம்பி ஆண்டுத் திட்டம் போடக் கூடாது.

பணக் கணக்கு

பிஜிஏ டூரின் வழக்கமான போட்டியில் வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு சுற்றுகள் முடிந்ததும், முதல் 65 இடங்களில் இருப்பவர்களும் 65-ஆம் இடத்தில் சம நிலையில் இருப்பவர்களும் மட்டுமே வார இறுதிச் சுற்றுகளுக்குச் செல்வார்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு ஸ்ட்ரோக் வெளியே நிற்பவருக்குப் பரிசுப் பணம் இல்லை; ஆனால் விமானக் கட்டணம், விடுதி வாடகை, பையைச் சுமக்கும் உதவியாளரான கேடியின் வாரச் சம்பளம் மூன்றும் செலவாகியிருக்கும். மொத்தப் பரிசில் வெற்றியாளருக்கு 18 சதவீதம் போக, 65-ஆம் இடத்துக்கு வருவது ஏறத்தாழ 0.2 சதவீதம். சிறிய டூர்களில் இந்த விகிதம் எந்தத் தொகைக்குப் பொருந்துகிறது என்று போட்டுப் பாருங்கள், நிலைமை புரியும்.

ஆகவே, ஒரு ரூபாய் பரிசும் வராது என்று வைத்துக்கொண்டு இரண்டு பருவங்களுக்கான செலவைத் திரட்டிய பிறகே இறங்குங்கள். உங்களுக்குப் பணம் போடுபவர் வருமானத்தில் பங்கு கேட்டால், எத்தனை ஆண்டுகள், அதிகபட்சம் எவ்வளவு தொகை வரை என்ற இரண்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். உறவினர் தந்தாலும் அப்படியே. வெளிநாட்டுப் பரிசில் அந்நாட்டிலேயே வரி பிடிக்கப்பட்டால், அதற்கான சான்றிதழை வாங்கி வையுங்கள். இந்தியாவில் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதுதான் இரட்டை வரியிலிருந்து காக்கும்.

முதல் ஆண்டு

உபகரண ஒப்பந்தம் கிடைத்த மகிழ்ச்சியில் டிரைவர், அயர்ன் ஆகிய மட்டைகள், பந்து அனைத்தையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள். பந்து மாறினாலே 150 கெஜத்துக்கு எந்த அயர்ன் என்ற உங்கள் பழைய கணக்கு மாறிவிடும். கேடியாக, மைதானம் தெரிந்தவரையும் உங்கள் கோபத்தைத் தாங்கத் தெரிந்தவரையும் தேடுங்கள்; தொடக்கத்தில் அது தந்தையாகவோ தாயாகவோ இருந்தாலும் குறையில்லை. ரியோவில் அதிதியின் பையைச் சுமந்தவர் அவருடைய தந்தை. அதிதி நான்காம் இடம் பெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் தாய். தொடர்ந்து மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் ஆடாமல் இடையில் ஒரு வாரம் ஓய்வை முன்கூட்டியே அட்டவணையில் எழுதுங்கள். மருந்துக் கடையில் வாங்கும் சாதாரண ஜலதோஷ மாத்திரையைக்கூட ஊக்கமருந்துத் தடைப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே விழுங்குங்கள்.

பெரிய வெற்றியோடு உள்ளே வந்தவர்களுக்கும் சறுக்கல் வரும் என்பதைப் பெற்றோர் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் நிக் டன்லப் 2024 ஜனவரியில் அமெச்சூராகவே பிஜிஏ டூரின் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போட்டியை வென்றார். முதல் பரிசான 15,12,000 டாலர் இரண்டாம் இடம் பெற்ற கிறிஸ்டியான் பெசைடன்ஹவுட்டுக்குச் சென்றது, டன்லப்புக்குக் கிடைத்தது 2026 வரையிலான கார்டு. சில நாட்களில் தொழில்முறைக்கு மாறி, அந்த ஜூலையில் இன்னொரு போட்டியையும் வென்றார். அவரே 2025 மாஸ்டர்ஸின் முதல் சுற்றில் 90 ஸ்ட்ரோக் எடுத்தார், மறுநாள் 71. அடுத்த ஆண்டும் ஆடும் உரிமை கையில் இருந்ததால், அந்த ஒரு நாள் அவரது தொழிலைப் பாதிக்கவில்லை.

மூன்றாம் ஆண்டின் முடிவில் ஒரு தேதியைக் குறித்து, பயிற்சியாளரோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து கணக்கைப் பாருங்கள். டூர் வாழ்க்கை ஒத்துவரவில்லை என்றால் பயிற்சியாளராவது மதிப்பான தொழில். இரண்டுமே வேண்டாம் என்று முடிவெடுப்பவர், தம் நாட்டுக் கோல்ஃப் அமைப்பிடம், இந்தியாவில் இந்திய கோல்ஃப் யூனியனிடம், அமெச்சூர் தகுதியைத் திரும்பத் தருமாறு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் காலத்தில் வரம்பை மீறிய பரிசையோ பயிற்சிக் கட்டணத்தையோ பெறக் கூடாது.